செருப்பில் ஒட்டிய களிமண்

அந்தத் திங்கட்கிழமை காலையில் அலுவலக வாசலில் ஒரு ஜோடி தோல் செருப்பு கிடந்தது. ஓரமெல்லாம் சாம்பல் நிறக் களிமண், ஈரம்கூட இன்னும் காயவில்லை. எங்கள் சீனியருடைய செருப்பு அது. தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு அத்தனை மரியாதை. நான் சில நாட்களாகவே அந்தச் செருப்பை ஒரு போலீஸ்காரி போலக் கவனித்து வந்தேன். அது வாசலில் கிடந்தால் அவர் எனக்கு முன்னால் வந்து ஏதோ வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம் செய்துகொள்வேன். அன்றைக்கு அதில் களிமண்ணும் சேர்ந்துகொண்டது. வைகாசி வெயிலில் தஞ்சாவூர் ரோட்டில் ஏது களிமண்? ஊருக்குப் போய் யாரிடமோ பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு மூக்கு வியர்த்தது.

நாங்கள் செய்த வேலையைச் சொன்னால்தான் என் சந்தேகம் புரியும். விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்று எங்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பொக்லைன். அணை திறப்பதற்குள் அது எந்த வாய்க்காலை முதலில் தூர்வார வேண்டும் என்பதை எங்கள் நிரல் சொல்ல வேண்டும். அதற்காக ஆறு, வாய்க்கால், மதகு, கிராமம் எல்லாவற்றையும் தனித்தனிப் பொருளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்து, இதிலிருந்து இதற்குத் தண்ணீர் பாய்கிறது என்று ஒற்றை ஒற்றை வாக்கியமாகக் கோத்திருந்தோம். நாம் சொல்லாததையும் நிரல் தானே ஊகித்துக்கொள்ளும். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் தண்ணீர் வருகிறது என்றால், அந்த ஆறுதான் வயலுக்கு ஆதாரம் என்று அதுவே முடிவுகட்டும். ஆதாரமே இல்லாத கிராமத்துக்கு பொக்லைன் போகாது.

அப்படி ஆதாரமில்லாமல் நின்ற கிராமம், குடவாசலுக்குக் கிழக்கே என் அக்கா குத்தகைக்குப் பயிர் செய்கிற ஊர். அத்தான் சிங்கப்பூரில். அக்கா தனியாகக் கிடந்து மாரடித்தாள். போன வருஷம் தண்ணீர் வருகிற வழியெல்லாம் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு, விட்ட நாற்று அப்படியே கருகிப்போனது. இந்த வருஷமும் நிலம் தரிசாகக் கிடந்தால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். "அந்த மிஷினு மட்டும் இந்தப் பக்கம் வந்துட்டா போதும்டி. வராட்டி நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்," என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சீனியரோ வலங்கைமான் பக்கத்துக்காரர். அதாவது எங்களுக்குத் தலைமடை, தண்ணீர் முதலில் போய்ச் சேருகிற மேல்பக்கம்; நாங்கள் அது கடைசியில் வந்து சேருகிற கடைமடை. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இருக்கிற பாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் யார் எந்தத் தகவலைக் கொண்டுபோனாலும் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, "யாரு சொன்னா?" என்பார். வெளியே மழை பெய்கிறது என்றால்கூட அதே கேள்விதான். பிறரை இவ்வளவு சந்தேகப்படுகிறவர் தாமும் ஏதோ மறைக்கிறார் என்பது அந்தக் காலத்து என் சித்தாந்தம்.

முதலில் நான் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பிழை. அக்காவின் ஊருக்குத் தண்ணீர் தரும் இடத்தில், வாய்க்காலின் முகவரிக்குப் பதிலாக அதன் பெயரை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக யாரோ அடித்திருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கு அப்படியில்லை. முகவரி உள்ள பொருளைப் பிடித்துக்கொண்டு அது மேலே மேலே போகும். வெறும் எழுத்தோ முட்டுச்சந்து, அதற்கு அப்பால் எதுவும் கிடையாது. இது தவறா, இல்லை வேண்டுமென்றே செய்த வேலையா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். எழுத்தை எடுத்துவிட்டு வாய்க்காலின் முகவரியைப் போட்டேன். அப்போதுதான் அது எங்கள் தரவில் வடிகால் என்ற வகையில் இருப்பதைப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், தண்ணீர் வருகிறதல்லவா என்று பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அந்த வாக்கியத்தைக் காணவில்லை. வாசலில் சீனியரின் செருப்பு. திரும்பவும் சேர்த்தேன், திரும்பவும் காணாமல் போனது. இப்படியே ஒரு வாரம். கடைசியில் நானும் ஒரு பொறி வைத்தேன். அக்காவின் ஊரில் இல்லாத ஒரு குளத்தைக் கற்பனை செய்து, அதிலிருந்தும் தண்ணீர் பாய்கிறது என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தேன். எங்கள் ஊருக்கு ஆதாரமே கூடாது என்று நினைக்கிற ஆள் இரண்டையும் அல்லவா அழிக்க வேண்டும்? காலையில் பார்த்தால், இல்லாத குளம் பத்திரமாக இருந்தது. இருக்கிற வடிகாலைக் காணவில்லை. எது உண்மை என்று தெரிந்து, பொறுக்கி எடுத்து அழிக்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. குளத்தை நானே அழித்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமைதான் அந்தக் களிமண் செருப்பு.

நேரே அவர் மேசைக்குப் போனேன். "சார், காலங்காத்தால எங்க போயிட்டு வரீங்க?" என்று கேட்டேன். குரல் என்னையும் மீறி உயர்ந்துவிட்டது.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அக்கா வயலுக்குத்தாங்க."

 அவரே சொன்னார்: "ஒரே வரி, தினமும் சாயங்காலம் உங்க கணக்குலேர்ந்து ஏறுது. போன வாரம் இல்லாத குளம் ஒண்ணு வேற முளைச்சுது. அக்கா ஊருக்காக இந்தப் பொண்ணு கதை கட்டுதுன்னு நெனச்சேன். சொல்றதைக் கேட்டு என்ன பண்றது, போய்ப் பாத்துரலாம்னு விடியறப்பவே கெளம்பிட்டேன்." ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவர், மறுநாள் தம் குடும்ப வயலின் வடிகாலில் தொடங்கி, பைக்கை உருட்டியும் ஓட்டியும், கோடை மழையின் சேற்றில் இறங்கி ஏறியும் அதன் கரையோடே கிழக்கே வந்திருக்கிறார். அது போய் நின்ற இடம் என் அக்காவின் வயல் மடை.

அவர்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அது வேண்டாத தண்ணீரை வெளியே தள்ளுகிற வடிகால். தள்ளிய தண்ணீர் எங்கே போகிறது என்று அங்கே யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கோ அதுதான் பாசனமே. மேலே உள்ளவன் கழித்த தண்ணீரில்தான் கீழே உள்ளவன் நடவு நடுகிறான். டெல்டா முழுக்க இந்தக் கதைதான், ஆனாலும் அவரவர் வரப்போடு அவரவர் அறிவும் நின்றுவிடுகிறது.

"அப்புறம் ஏன் சார் அந்த வரியைத் தினமும் அழிச்சீங்க?" என்று கேட்டேன். "நான் எதையும் அழிக்கலைங்க," என்றார். "நீங்க அழிக்கலை, நானும் அழிக்கலை. பின்ன யாரு?" என்றேன் நான். இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தோம். ஊகிக்கும் விதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வயலுக்குத் தண்ணீர் தருவது எதுவோ அது பாசன வாய்க்கால் என்றது ஒரு விதி. வடிகாலாக இருப்பது எதுவும் பாசன வாய்க்காலாக இருக்க முடியாது என்றது இன்னொன்று. நான் வாக்கியத்தைச் சேர்த்ததும் நிரல் முதல் விதிப்படி அந்த வடிகாலைப் பாசன வாய்க்கால் என்று ஊகித்தது. உடனே இரண்டாவது விதி இடித்தது. நாங்கள் வீட்டுக்குப் போனபின் ஓடும் துப்புரவு நிரல், முரண்பாடு கண்ட இடத்தில் கடைசியாக வந்த வாக்கியத்தைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. கற்பனைக் குளம் எந்த விதியோடும் மோதாததால் சொகுசாக இருந்திருக்கிறது.

"வடிகால் பாசனத்துக்கு ஆகாதுன்னு யாரு சொன்னா சார்?" என்றேன். அவருடைய கேள்வியை அவரிடமே கேட்பதில் எனக்கு அப்போதும் ஒரு குரூர சந்தோஷம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுதிய விதி அது. "நான்தான் சொன்னேன்," என்றார் மெதுவாக.

அந்த விதியை எடுத்துவிட்டு என் வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தோம். எல்லாத் தகவலுக்கும் சொன்னவர் யார் என்று குறிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் என் பெயரை அடிக்கப்போனபோது தடுத்தார். "உங்க பேரு இருந்தா, அக்காவுக்காகச் சேத்ததுன்னு ஒரே வார்த்தையில தள்ளிருவாங்க. என் பேரைப் போடுங்க. நேர்ல பாத்தவன் நான்."

இரண்டே நாளில் அதன் விலை தெரிந்துவிட்டது. அவருடைய ஊர் வாய்க்காலுக்குப் போக வேண்டிய பொக்லைன், வேறு ஆதாரமே இல்லாத எங்கள் ஊருக்கு முதலில் போனது. அவருடைய அண்ணன் போனில் கத்தியது என் மேசை வரைக்கும் கேட்டது. "கடைமடைக்காரிகிட்ட என்னடா வாங்கித் தின்ன?" அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. அக்காவின் வயலில் நடவு நடந்தது, குத்தகையும் நிலைத்தது. அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "சும்மா யாராச்சும் செய்வாங்களாடி? அவரு என்னத்தை எதிர்பார்க்கிறாரு?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். குடும்ப ரத்தம், வேறெப்படி இருக்கும்.

அவர் பெங்களூருக்கு வேலை மாறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவருடைய நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். ஒவ்வொரு வைகாசியிலும் தலைமடையிலிருந்து யாராவது நியாயம் கேட்டு மாடியேறி வருவார்கள். இந்த வருஷம் வந்தவருக்கு சீனியரின் அதே நெற்றி, அதே மூக்கு. யாரென்று நான் கேட்கவில்லை. "வடிகால்ல பாசனம் நடக்குதுன்னு யாருங்க சொன்னா?" என்றார். நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். தம்பியின் பெயரைக் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நம்பரைக் கொடுத்தேன். வாசல் வரை கூடவே போனேன். குனிந்து செருப்பை மாட்டினார். அதிலும் அதே சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருந்தது.