யார் நிரப்பினாலும் நாற்பத்துநாலு

முப்பத்தோரு வருடமாக ரோசலி யானாக் பன்றி வெட்டுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் இறைச்சிக்கடையின் குளிர் அறையில், செத்த பன்றி. சனிக்கிழமை காலையில் ஓடைக்கரைப் புதரில், சாகாத பன்றி. நாலு ஏக்கர் சோளத்தை ஒரே ராத்திரியில் உழுது தள்ளிவிட்டுப் போகும் காட்டுப் பன்றிக்கு டெக்ஸஸில் யாரும் பரிதாபப்படுவதில்லை. ரோசலியும் பட்டதில்லை.

மற்றவர்கள் புதுமாதிரித் துப்பாக்கியோடு போவார்கள். அவளுக்குப் பழைய மாதிரிதான்: கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து இழுத்துச் சுடும் ரிவால்வர், விசைக்குக் கீழே உள்ள லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் ரைஃபிள். அப்படி ஏழு சேர்த்திருந்தாள். மாதம் ஒரு முறை, செக் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் கட்டிய ஹாலுக்குப் பின்னால், தாத்தா காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு இரும்புத் தகடு சுடும் கூட்டத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘எலும்புவெட்டி’. குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் நுனியாலேயே ரைஃபிளை நிரப்புவதில் அவளுக்கு இணை கிடையாது. அந்தப் பெயரை வாங்க இருபது வருடம் ஆனது.

ஏழிலும் ஒரே தோட்டா போகாது. மூன்று ரிவால்வர்கள் நாற்பத்தைந்து என்ற அளவுத் தோட்டா தின்பவை. கணவன் எர்வின் கல்யாணத்துக்குத் தந்த ஜோடியும் அதில் சேர்த்தி. மூன்று ரைஃபிளும் அவள் அப்பாவின் ரிவால்வரும் நாற்பத்துநாலு தின்பவை. நாற்பத்தைந்தின் பித்தளைக் கூடு நேராக, தடியாக இருக்கும். நாற்பத்துநாலு வாய்ப்பக்கம் லேசாக ஒடுங்கும். பெட்டியில் பார்த்தால் அண்ணன் தம்பி. அதனால் இடுப்பு வாரில் ரிவால்வர் தொங்கும் வலப்பக்க வளையங்களில் நாற்பத்தைந்து, இடப்பக்கம் முழுக்க ரைஃபிளுக்கு நாற்பத்துநாலு. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, வாரம் முழுக்க நின்ற குளிர் அறை அவள் விரல்களை மரக்கட்டையாக்கியிருந்தது. காப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கொண்டா, நான் செருகித் தரேன்” என்று எர்வின் வாரை வாங்கிக்கொண்டான். அவன் இடதுகைக்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து துப்பாக்கியை இடுப்பின் இடப்பக்கம் கட்டியவன். பேசிக்கொண்டே கை தன் வழக்கப்படி செருகியது.

ஓடைத் திருப்பத்தில் எர்வின் நாயை அவிழ்த்துவிட்டான். நாயைப் பிடிக்கும் வேலை அவனுக்கு. கையில் கயிறும் கத்தியும்தான். யாப்பான் புதருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் சிதறி ஓடியது. ரோசலி நாலு முறை சுட்டாள். இரண்டு விழுந்தன, ஒன்று முதுகெலும்பு போய் முன்னங்காலால் மண்ணை இழுத்துக்கொண்டு கத்தியது. கண்ணைப் புதரில் வைத்தபடியே இடப்பக்க வாரிலிருந்து நாலு தோட்டாவை எடுத்து ரைஃபிளுக்குள் தள்ளினாள். மரத்த விரலுக்கு எதுவும் உறைக்கவில்லை.

அப்போதுதான் கிழட்டு ஆண்பன்றி வெளியே வந்தது. குறுக்கே பாய்ந்த நாயைத் தந்தத்தால் அடிவயிற்றிலிருந்து விலாவரை கிழித்து ஓரமாக எறிந்தது. நாய் எழுந்து தன் குடலையே மிதித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து விழுந்தது. எர்வின் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினான். பன்றி அவன் பக்கம் திரும்பியது.

லீவரை இழுத்துத் தள்ளினாள். பாதியில் நின்றது. மறுபடி தள்ளினாள். தடித்த தோட்டா குழலின் வாயில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் பல்லைக் காட்டியது. பார்த்த கணமே தெரிந்துவிட்டது. நாற்பத்தைந்து.

பன்றி எர்வினைத் தள்ளி மேலேறியிருந்தது. தலையை அது ஆட்டிய ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கிழிசல். ரைஃபிளைப் போட்டுவிட்டு ரிவால்வரோடு ஓடினாள். அதன் ஆறு அறைகளில் ஐந்து தோட்டா; சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விடுவதுதான் அந்தத் துப்பாக்கிக்காரர்கள் வழக்கம். முதல் இரண்டும் தோள்பட்டைத் தோலில், விரல் நீளத் தடிமனுள்ள அந்தக் கவசத்தில், புதைந்து போயின. பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தாடையை உடைத்தது. உடைந்த தாடையோடும் குத்தியது. பிடரி மயிரைப் பிடித்து முட்டியை அதன் முதுகில் ஊன்றி, குழலைக் காதுக்குப் பின்னால் வைத்து நாலாவதைச் சுட்டாள். ஐந்தாவதையும் அதே ஓட்டையில். அதற்குப் பிறகும் சுத்தியலை இழுத்து விசையை அழுத்தினாள். வெறும் சத்தம் வந்தது.

எர்வினின் வலது தொடை இடுப்புவரை திறந்து கிடந்தது. துடிதுடித்துப் பீறிட்ட ரத்தத்துக்குள் முஷ்டியை விட்டு, இடுப்பெலும்போடு வைத்து அழுத்தினாள். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று அவள் கைக்குத் தெரியும். மறுகையால் நாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டி, கத்திப்பிடியைச் செருகி, அவன் அலறுகிற வரை முறுக்கினாள்.

“கத்து. நல்லாக் கத்து. கத்தறவரைக்கும் உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியும்.”

கால் தப்பியது. முட்டி மடங்காது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எர்வினின் தம்பி லாட் கேட்டான்: “வார்ல எப்படி அண்ணி மாறிச்சு? யார் நிரப்பினது?”

“நான்தான்” என்றாள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. சுடும் வரிசையில் அவள் போய் நின்றால் பின்னால் நிற்பவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். லாட் சிரித்துக்கொண்டே, “அண்ணி, ஒரு பக்கத்துக்கு லிப்ஸ்டிக் பூசிடுங்க. செவப்பு ரிவால்வருக்கு, மிச்சம் ரைஃபிளுக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரோசலி தகடு ஆறையும் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று ஏழு துப்பாக்கியையும் சமையலறை மேசையில் பரப்பினாள். இனி ஒரே ஒரு அளவுத் தோட்டாதான். மற்றதற்கு வீட்டில் இடமில்லை. எது?

லாட் தன் நாற்பத்தைந்து ரைஃபிளைக் கொண்டுவந்து பரிந்து பேசினான். “இதுதான் அடி பலமா விழும் அண்ணி. கூடும் கெட்டி. உங்க நாப்பத்துநாலோட வாய் வெங்காயத் தோல். சுட்ட கூட்டுல மறுபடி மருந்து நிரப்பறப்ப பத்துக்கு ஒண்ணு கசங்கும்.”

“கசங்கினா மேசைமேலதானே கசங்கும்? என் புருஷன்மேல இல்லையே.”

ஐஸ் வாளியில் இரண்டு கையையும் உணர்வு போகும்வரை அமுக்கி எடுத்தாள். மருந்தில்லாத தோட்டாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ரைஃபிளிலும் மாறி மாறி ஏற்றி ஆட்டினாள். இருபதில் நாற்பத்தைந்து இரண்டு முறை வாயில் இடித்து நின்றது. ஒடுங்கிய நாற்பத்துநாலு இருபதும் தானாக வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி ஐஸ், மறுபடி இருபது. அதே கணக்கு.

கல்யாண ஜோடியையும் மூன்றாவது நாற்பத்தைந்தையும் துணியில் சுற்றி லாட் கையில் கொடுத்தாள். அவன் வண்டி போகும்வரை எர்வின் ஊன்றுகோலைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

“ரோஸ். அன்னைக்கு வாரை நிரப்பினது நான்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“அது சிக்கின நொடிலேர்ந்து. முப்பத்திமூணு வருஷமா உன் இடதுகையோட குடும்பம் நடத்தறேன், தெரியாதா?”

“ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குது. ஆஸ்பத்திரிலயே என்னை ரெண்டு வார்த்தை திட்டிருக்கலாமே.”

“கிழிஞ்சு கிடக்கற ஆளை இன்னும் எங்கே கிழிக்கறது?”

அவன் ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டிருந்தான். “அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்.”

“சொல்லு. சொல்லாமலும் இரு. அது உன் இஷ்டம். ஆனா சனிக்கிழமைக்கு வாரை நீதான் நிரப்பணும்.” வாரை அவன் தோளில் போட்டாள். “என் விரல் இன்னும் சரியாகலை.”

அவன் வாரைத் தொடவில்லை. “எந்தப் பக்கம் எது?”

“பக்கமே கிடையாது இனிமே.”

சனிக்கிழமை எர்வின் வண்டியின் பின்தட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். லாட்டின் நாய்கள் ஒரு பெட்டைப்பன்றியை நேராக அந்தப் பக்கமே விரட்டிக்கொண்டு வந்தன. ரோசலி வண்டிக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றாள். ரைஃபிளில் கடைசி இரண்டும் மார்பைத் துளைத்தும் அது வாயில் ரத்த நுரையோடு வந்துகொண்டே இருந்தது. கையை இடுப்புக்குக் கொண்டுபோய், கிடைத்த தோட்டாவை உருவி, உள்ளே தள்ளி, லீவரை ஆட்டினாள். மூடியது. நாலு அடி தூரத்தில் பன்றியின் நெற்றி உள்ளே போயிற்று. ஓடிவந்த வேகத்திலேயே அது சறுக்கிக்கொண்டு வந்து அவள் பூட்ஸில் மோதி நின்றது.

எர்வினின் மூச்சு வண்டியின் பின்னாலிருந்து கேட்டது.

“எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தே?”

“பார்க்கலை” என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக் குனிந்து அதன் தொண்டையை அறுத்தாள்.