அரை அங்குலத் தகடு

ஐம்பதுகளின் கடைசியில், இரும்புத் தகட்டின் தடிமனை ஒலியால் அளக்கும் கருவி ஒன்றை எங்கள் கம்பெனி வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தது. அதற்கு முன்பு தகட்டில் துளை போட்டுத்தான் அளப்பார்கள். இதில் துளை வேண்டாம். காதுக்கு எட்டாத ஒலி தகட்டுக்குள் போகும். முள்ளைத் திருப்பிக்கொண்டே வந்தால், தடிமனுக்குரிய இடத்தில் ஹெட்போனில் ஒரு சீழ்க்கை கேட்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில், தடிமன் தெரிந்த ஓர் இரும்புக் கட்டையில் வைத்துக் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த வேலை என்னுடையது.

ஆயுத பூஜை முடிந்த வாரம், திருவள்ளூரில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். அங்கிருந்த பழைய பாய்லரின் தகடு மெலிந்திருக்குமோ என்று அரசாங்க ஆய்வாளருக்குச் சந்தேகம். மாலையில் அவர் வரும்போது என் அளவுகள் தயாராக இருக்க வேண்டும். எப்படியும் அனுமதி கிடைத்துவிடும் என்று நம்பி, மில்காரர் முதல் நாளே சொர்ணவாரிப் பட்டத்து நெல்லைத் தொட்டிகளில் ஊறப் போட்டுவிட்டார். பாதி அவர் வயலில் விளைந்தது, பாதி அக்கம்பக்கத்துக் கிராமத்தார் அவித்துத் தரச் சொல்லிக் கொடுத்தது.

பெட்டியைத் திறந்து கட்டையை எடுத்தேன். பூஜைக்குத் துடைத்துவைத்த பளபளப்பு இன்னும் இருந்தது. அதில் கருவியைச் சரிசெய்துகொண்டு, பாய்லரின் மேல் எண்ணெய் தடவி அளக்கத் தொடங்கினேன். தகடு அரை அங்குலம் இருக்க வேண்டும்; கருவி அதில் முக்கால் பங்குதான் காட்டியது. அடுத்த இடத்திலும் அப்படியே.

என் முகத்தைப் பார்த்தே மில்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னா சார், தேறாதா?" என்றார். "நெல்லு ஊறிக்கினு கீது. ராத்திரிக்குள்ள ஆவி உடலன்னா நாறிப்பூடும். ஊரான் நெல்லு சார் அது. நான் இன்னா பதில் சொல்றது?"

பாய்லருக்குத் தீ போடும் பெரியவர், பத்து வருஷமாக இந்தக் கிழட்டு பாய்லருக்குச் சோறு போட்டவன் நான், எனக்குத் தெரியாமல் எப்போது இளைத்தது என்று தனக்குள் முனகினார்.

நான் அளந்துகொண்டே போனேன். அடிப்பக்கம், பக்கவாட்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே என்று எங்கே வைத்தாலும் ஒரே அளவு. அதுதான் என்னை நிறுத்தியது. துரு ஓரிடத்தில் அதிகம் தின்னும், ஓரிடத்தில் விட்டுவைக்கும். துணிக்கடையில் அளந்து கிழித்ததுபோல் பாய்லர் முழுவதும் ஒரே சீராக மெலியாது.

சேறு அள்ளுவதற்காக வைத்திருந்த சிறு துளையின் மூடியைக் கழற்றச் சொன்னேன். அங்கே தகட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. கேலிப்பரை வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம். அதே விளிம்பை ஒட்டிக் கருவியை வைத்தால் முக்கால் பங்கு.

அப்படியென்றால் பொய் சொல்வது கட்டைதான். பேனாக்கத்தியால் அதன் மூலையைச் சுரண்டினேன். வெள்ளை முலாம் உரிந்து, உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. பித்தளையில் ஒலி மெதுவாகப் போகும். அதில் சரிசெய்த கருவி எந்த இரும்பையும் மெல்லியதாகவே காட்டும்.

எங்கள் பட்டறை ஃபிட்டர் செய்த வேலை என்று மறுநாள் தெரிந்தது. "துரு புடிச்ச கட்டய சாமி முன்னால எப்டி சார் வெக்கறது? அதான் அதே அளவுல ஒண்ணு பண்ணி, முலாம் போட்டு வெச்சேன்" என்றார். அளவில் மயிரிழை பிசகவில்லை. திட்ட வாயெடுத்து, பிறகு பழைய கட்டை எங்கே என்று மட்டும் கேட்டேன்.

மில்லில் அப்போது வேறு இரும்புக் கட்டைக்கு வழியில்லை. கேலிப்பரில் அளந்த அந்த விளிம்பையே கட்டையாகக் கொண்டு கருவியைத் திரும்பவும் சரிசெய்து, எல்லா இடங்களையும் மறுபடி அளந்தேன். அடியில் மட்டும் துரு கொஞ்சம் தின்றிருந்தது, ஆபத்தான அளவுக்கு இல்லை. மற்ற இடங்களில் தகடு அரை அங்குலத்துக்கு நெருக்கமாகவே நின்றது. மில்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு கோணி மூட்டை மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் வந்து, என் அளவுகளைப் படித்து, அந்த விளிம்பைத் தன் கேலிப்பரால் ஒருமுறை பார்த்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். பெரியவர் தண்ணீர் ஏற்றி, உமியை அள்ளி வீசித் தீ மூட்டினார். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் ஆவி ஏறி, நெல் அவியும் வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. அதுவரை பட்டினி கிடந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில்காரர் வீட்டிலிருந்து இட்லி வந்தது. பாய்லரின் இரைச்சலைக் கேட்டபடி நிதானமாகச் சாப்பிட்டேன்.