சங்கு பிரேமா

வாளி வாங்கப் போனால் பிரேமலதா விலையைக் கேட்கமாட்டாள். விரலை மடக்கி அடிப்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, காதை அருகில் கொண்டுபோவாள். குருவிட்டச் சந்தியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜவ்பருக்கு இது பழகிவிட்டது. "வாளியா தங்கச்சி, தட்டுற ரபான் மேளமா?" என்று கேட்டுவிட்டு, அலுமினியம், தகரம், பிளாஸ்டிக் என்று அவரே எடுத்து அடுக்குவார். அத்தனையையும் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு நல்லாதான் இருக்கு நானா, பாட்டுக்குத்தான் சரிவரல" என்று வெறுங்கையோடு இறங்கிவிடுவாள்.

காலையில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், பிற்பகலில் பாட்டுக்காரி. பாட்டுக்காரி என்றதும் மேடையேறிப் பாடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தி பட்டையைச் சீவும் சத்தம், சிரட்டையில் பால் சொட்டும் சத்தம், றப்பர் சீட் அடிக்கும் ரோலரின் முனகல் எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்து வருவாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையில், இரண்டு விசை கழன்ற பழைய லெப்டொப்பில் போட்டு அவற்றை இழுப்பாள், நறுக்குவாள், தலைகீழாக ஓட்டுவாள். கடைசியில் தன் குரலையும் நுளம்பின் ரீங்காரம் அளவுக்கு மெலிய வைத்து மேலே விடுவாள். முதல் தரம் கேட்டால் சிரிப்பு வரும். இரண்டாம் தரம் கேட்டால் கால் சும்மா இருக்காது.

பதினொரு வருடம், இணையத்தில் நான்கு தொகுப்புகள். கொழும்பில் அதற்கு ஆடுகிறார்கள். வானொலியில் ஒருமுறை, இசையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ரோலர்கிட்டதாங்க" என்றாள். ரம்புக்கனைப் பக்கத்து இளசுகள் மலையிறங்கும் ரயிலின் பிரேக் சத்தத்தையும், வரக்காப்பொலைப் பக்கத்து இளசுகள் பலாப்பழம் விழும் சத்தத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, இது ஆகுமா அக்கா என்கிறார்கள். ஆகாது என்று அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஊரெல்லாம் ஆடி என்ன, சொந்த லயம் ஆடவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறாத குறை. அதற்குக் காரணமும் அவளேதான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள் காலையில், கோயில் ஸ்பீக்கரை இரவல் வாங்கிப் புதுப்பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். வேலைக்கு ஆள் கூப்பிடும் தோட்டத்துச் சங்கில்தான் அந்தப் பாட்டே தொடங்கும். மூன்று லயமும் அடித்துப் பிடித்து எழுந்து, வாளியும் கத்தியுமாகப் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் மூத்த பால்வெட்டுக்காரர் ராமச்சந்திரன், சட்டையை உள்வெளியாகப் போட்டபடி. அன்றைக்கு நின்றதுதான் ஸ்பீக்கர். 'சங்கு பிரேமா' என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வருடம் கோயில் தலைவரே ராமச்சந்திரன்தான். திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது ஒரே ஒரு பாட்டுப் போடவிடுங்கள் என்று மூன்று தரம் அவர் வீட்டுக்கு நடந்தாள்.

"சங்க எடுத்துட்டுப் போடு புள்ள."

"சங்கு இல்லாட்டி அது பாட்டே இல்லைங்க மாமா. வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டே சரி என்றார்.

அன்று மைக்கைப் பிடித்து அவரே அறிவித்தார்: "இப்ப சங்கு ஊதும். அது பாட்டுங்க. யாரும் வாளியத் தூக்கிட்டு ஓடாதீங்க." சங்கு ஊதியது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அசைந்தது ராமச்சந்திரன்தான். நாற்பது வருடப் பழக்கம் யாரை விட்டது? மைக்கை வைத்த கையோடு, கோயிலை ஒட்டிய தன் வீட்டுக்குள் போய், வாளியோடு திரும்பி வந்தார்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மனுஷன் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். ஸ்பீக்கரில் ரோலர் முனகத் தொடங்கியிருந்தது. வந்தது வந்தாயிற்று என்று வாளியைக் கவிழ்த்து இடுப்பில் இடுக்கி, ரோலருக்கு ஈடாகத் தட்ட ஆரம்பித்தார். முதலில் அவர் மனைவி ஆடினாள். பிறகு மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட லயமே ஆடியது.

பிரேமலதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஆடப் போகவில்லை. தலையைச் சாய்த்து வாளிச் சத்தத்தை ஒரு கணம் கேட்டாள். பிறகு தன் பாட்டின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து, ஃபோனை அந்த வாளிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.