சொய்லா கணவனை உட்கார வைத்த கதை

புவெர்த்தோ அமாரோ ஊர்ப் பூங்காவின் வடக்கு முனையில், இரண்டு பாதாம் மரங்களுக்கு அடியில், பொழுது விடிந்ததும் ஒரு கூட்டம் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிடும். வெளியூர்க்காரர்கள் அடிதடி என்று பயந்து போலீஸைத் தேடுவார்கள். போலீஸ்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்று கத்திக்கொண்டிருப்பார். பேச்சு முழுக்க பேஸ்பால். அந்த இடத்துக்குச் சூட்டு மூலை என்று பெயர்.

அங்கே வாய் திறக்கிற ஒரே பெண் சொய்லா. ரேஷன் ரொட்டிக் கடையில் வேலை. ரொட்டி தீர்ந்ததும், மாவு அப்பிய வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் நேராக மூலைக்கு வந்துவிடுவாள். முதல் நாள் அவளைப் பார்த்து, "என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவனை வாயடைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாளிலிருந்து பெஞ்சில் அவளுக்கு ஓர் இடம் காலியாகவே இருந்தது.

அவளிடம் ஓரவஞ்சனை கிடையாது. அதுதான் அவளுக்கு அந்த மரியாதையை வாங்கித் தந்தது. ஊர் அணியான நண்டுகளில் அவளுடைய சொந்த அக்கா மகன் ஆடினான். "காலு நல்லா ஓடுது. கண்ணுதான் ஓட மாட்டேங்குது" என்று அவனையே ஒரே போடாகப் போட்டாள். அக்கா இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை சொய்லா.

மூலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஓர் ஆட்டக்காரனைப் பற்றி அங்கே என்ன பேசினாலும், அதை அவன் முகத்துக்கு நேரேயும் சொல்லியாக வேண்டும். சொல்லத் தைரியமில்லாதவன் அதன் பிறகு அங்கே வந்து காப்பி குடிக்கலாம், பேசக் கூடாது.

அந்த வருடம் மூலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நண்டுகளில் பாதிப் பேருக்கு நரை தட்டிவிட்டது. அவர்களை வைத்தே ஆடுவதா, பையன்களை இறக்குவதா என்று சண்டை. குதிரை வண்டி ஓட்டுகிற ரிகோபெர்த்தோ பெரிசுகள் பக்கம். மோட்டார் மெக்கானிக் யோஸ்லான் பையன்கள் பக்கம்.

"உன் குதிரைக்கு வயசாச்சுன்னா மாத்துவியா மாட்டியா?" என்பான் யோஸ்லான்.

"என் குதிரைக்கு வழி தெரியும்டா. நீ பூட்டுற கண்ணுக்குட்டி கடல்ல கொண்டு போய் விட்டுரும்."

"வழி தெரிஞ்சு என்ன பண்ண? போய்ச் சேர்றதுக்குள்ள ஊர்வலம் முடிஞ்சிருது."

சொய்லா எல்லா ஆட்டக்காரர்களையும் பற்றிப் பேசினாள், ஒருவரைத் தவிர. அது கேட்ச்சர் எவெரார்தோ. மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியபடி ஆட்டம் முழுவதையும் நடத்துகிறவன். பதினெட்டு வருடமாக ஊரின் செல்லப்பிள்ளை. இப்போது அவன் எறியும் பந்து ரன்னர்கள் ஓடிச் சேர வேண்டிய இரண்டாம் பேஸுக்குப் போவதற்குள் தரையில் விழுந்து உருண்டது. எதிரணி ரன்னர்கள் சந்தைக்குப் போவது போல ஓடி, பந்து வந்து சேரும் முன்பே அடுத்த பேஸைத் திருடினார்கள். அணியின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலோ தாரியென் என்ற இருபது வயதுப் பையன், துப்பாக்கிக் குண்டு மாதிரி பந்தெறியும் கையை வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்தபடி உட்கார்ந்திருந்தான். எவெரார்தோ சொய்லாவின் கணவன்.

பேச்சு கேட்ச்சர் பக்கம் திரும்பினால் அவள் அதை லாகவமாக வேறு பக்கம் தள்ளிவிடுவாள். சுற்றின் கடைசி வாரத்தில் யோஸ்லானுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரொட்டிக்காரம்மா, ஊர் வீட்டுக் குழம்புக்கெல்லாம் உப்பு பாக்குறீங்க. உங்க வீட்டுக் குழம்பு மட்டும் எப்பவும் சரியா இருக்கு, இல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. யோஸ்லானும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பய தாரியென் நேத்து என் கடைக்கு வந்தான். இந்த சீசன்ல இறக்கலைன்னா மாமாவோட இறால் படகுக்குப் போயிருவானாம். அப்புறம் வரவே மாட்டான்."

எவெரார்தோ தங்கள் வீட்டு மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைச் சொய்லா தினமும் பார்க்கிறாள். அவன் வலியில் முனகினால், தனக்குக் கேட்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ஆட்டத்தை எடுத்துவிட்டால் அந்த மனிதனிடம் என்ன மிஞ்சும், தன்னிடம் எப்படி முகம் கொடுப்பான் என்ற பயம் அவளை ஆட்டி வைத்தது.

"எவெரார்தோ உக்காரணும். பையன் ஆடணும்" என்றாள் கடைசியில்.

ரிகோபெர்த்தோ தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "சரி தாயி, சொல்லிட்ட. முகத்துக்கு நேரே சொல்ல வேணாம். இது குடும்பம். இந்த ஒரு தடவை சட்டத்தைக் கண்டுக்காம விடுவோம்."

"என் அக்கா மவனுக்கு விட்டீங்களா?"

பயிற்சி முடிந்து எவெரார்தோ தினமும் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போவான். மூலையைப் பார்த்துக் கையை உயர்த்துவானே தவிர நிற்க மாட்டான். அன்று சொய்லா தெருவில் இறங்கி சைக்கிளை மறித்தாள். கூட்டம் மொத்தமும் பின்னால் நின்றது.

"ஞாயித்துக்கிழமை நீ ஆடக் கூடாது. உன் கை போயிருச்சு. முழங்காலும் போயிருச்சு. தாரியென் ஆடட்டும்."

எவெரார்தோ கூட்டத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "வீட்ல தினம் எனக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிடுற. அங்க சொல்ல வாய் வரலையா?"

"அங்க சொன்னா பொண்டாட்டி பாவப்பட்டுச் சொல்றான்னு தட்டி விட்டிருவ. இங்க ரசிகையா சொல்றேன்."

அவன் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனான். அன்று இரவும் அதற்கு அடுத்த இரவும் அவரைப் பருப்புச் சோறு சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், சுவரைப் பார்த்துப் படுத்தான். சொய்லா தூங்கவில்லை. சொன்னதற்காக வருந்தவும் இல்லை. அவளுடைய பிடிவாதத்தைக் கடைந்தெடுத்த கல்நெஞ்சம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் அந்தத் துணிச்சலில் கால்வாசி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் சீசன் முடிந்தது. ஒலிபெருக்கியில் கேட்ச்சர் தாரியென் என்று அறிவித்தபோதுதான், எவெரார்தோ தானே மேனேஜரிடம் போய்ப் பேசியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பையன் பிரமாதமாக ஆடினான். பேஸ் திருட வந்த இரண்டு பேரைப் பாதி வழியிலேயே அவுட்டாக்கினான். ஆனால் கடைசி இன்னிங்ஸில், எளிதாகப் பிடிக்க வேண்டிய ஒரு பந்தைத் தவறவிட்டான். அது சுவர் வரை உருண்டது. எதிரணிக்காரன் ஓடி வந்து ஒரு ரன் எடுத்தான். நண்டுகள் தோற்றார்கள். அரங்கத்தில் பல தலைகள் சொய்லா பக்கம் திரும்பின. அவள் எழுந்து போகாமல், விளக்கணைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை மூலை நிரம்பி வழிந்தது. சொய்லா வர மாட்டாள் என்று பந்தயம் கூடக் கட்டினார்கள். வழக்கமான நேரத்துக்கு, மாவுக் கோட்டோடு வந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னால், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, எவெரார்தோவும் வந்தான். மூலைக்கு அவன் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அவன் வருவது தெரியாது.

ரிகோபெர்த்தோவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "வாப்பா எவெரார்தோ. நீயே சொல்லு. நேத்து நீ ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமா இல்லையா?"

"ஜெயிச்சிருப்போம்" என்றான் எவெரார்தோ.

பெரிசுகள் பக்கம் விசில் பறந்தது. சொய்லா தரையைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிருப்போம். அடுத்த சுத்துல கேவலமா தோத்திருப்போம். பையன் படகுல இருந்திருப்பான். அடுத்த வருஷம் என்னைத் தூக்கிக்கிட்டு வந்துதான் குந்த வைக்கணும்." சொய்லா பக்கம் கை காட்டினான். "நேத்து ராத்திரி அவன்கிட்ட பேசிட்டேன். படகுக்குப் போகல. இந்தப் பொம்பளை சொன்னது சரி. உங்கள்ல ஒருத்தனுக்கும் என் எதிர்ல சொல்ல வாய் வரல."

எவெரார்தோ பெஞ்சில் அவள் பக்கத்தில், முழங்காலைக் கையால் தாங்கியபடி மெதுவாக உட்கார்ந்தான்.

"ஆனா அந்தப் பந்தை நான் பிடிச்சிருப்பேன்" என்றான், அவளிடம் மட்டும்.

மூலை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு அவள் என்ன பதிலடி கொடுக்கப் போகிறாள் என்று காத்திருந்தது. சொய்லா கண்ணைக் கோட்டுக் கையால் துடைத்தாள். கன்னமெல்லாம் மாவு.

"பிடிச்சிருப்ப" என்றாள்.

அந்த மரத்தடியில் அவள் விட்டுக்கொடுத்த ஒரே வாதம் அதுதான்.