சாயங்காலத்தில் மட்டும் சாகும் குருவி

நசிபாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அது தெரியாதவர்கள்தான் அவளிடம் மாட்டிக்கொள்வார்கள். இஸ்மாருக்குத் தெரியும். அவள் வேனைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தியபோதே அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"அகா, மறுபடியும் செத்துப்போச்சு" என்றாள்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம், கணவாய் ஏறும்போது. உங்க வேலை நல்ல வேலைன்னு ஸ்டாண்டு பூரா சொன்னேனே, என் வாயைச் செருப்பால அடிக்கணும்."

செத்துப்போனது குருவி. போலீஸ் வேகம் அளக்கும் ரேடாரைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கீச்சிடும் கருவிக்கு தராஸ் நகரத்து ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. மற்றவர்கள் அதைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகி, வயரைத் தொங்கவிட்டு ஓட்டினார்கள். நசிபாவுக்குத் தொங்குகிற எதுவும் பிடிக்காது. அதனால் இஸ்மார் பியூஸ் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து, முன் தூணுக்குள் வயரை ஏற்றி, கூரைத் துணிக்கு அடியில் ஒளித்து, கண்ணாடிக்கு மேலே குருவியோடு சேர்த்திருந்தார். வெளியே ஒரு விரல் நீளம்கூட வயர் தெரியாது. மூன்று மாதம் குறையில்லாமல் கத்தியது. பிறகுதான் இந்தச் சீக்கு.

இஸ்மார் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்து கருகியிருந்தது. போன தடவையும் அப்படித்தான்.

"இதே பியூஸ்லதான் போன் சார்ஜரும் ஓடுது. பின்னாடி ஏழு பேரு ஏழு போனைச் சொருகினா அது என்னதான் செய்யும்?"

"அப்போ என் ஆளுங்க மேல தப்பா?"

"என் வயர் மேல தப்பில்ல. டுங்கன்காரன் நான் சுத்தின டேப்பு, பிரிக்கணும்னா பல்லாலதான் கடிக்கணும்."

புது பியூஸ் போட்டதும் குருவி பச்சைக் கண்ணைத் திறந்தது. நசிபா போகும்போதும் கதவை மெதுவாகவே சாத்தினாள்.

அன்று முதல் அவள் வேனில் யாரும் போனைச் சொருகக் கூடாது. ஷிம்கெந்த் நகரத்துக்குப் பரீட்சை எழுதப் போன ஒரு பெண் அவளை அக்கா முறை வைத்துக் கெஞ்சினாள். "அப்கே, நாலு சதவீதம்தான் இருக்கு!"

"பரீட்சை எழுதப் போறியா, போன் பேசப் போறியா?"

"இந்த வண்டியில டீ மட்டும்தான் குடிக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஓர் ஆள் கேட்டார். உலர்ந்த தயிர் உருண்டையை வாயில் ஒதுக்கியிருந்தார்.

"அதுவும் கூடாது. சிந்தினா நீங்கதான் துடைப்பீங்க."

அந்தப் பயணத்தில் குருவி நன்றாகக் கத்தியது. திரும்பி வந்து, இரண்டாம் முறை ஆள் ஏற்றி, பிற்பகல் வெயிலில் கிளம்பினாள். ஒருவர் போனும் சொருகப்படவில்லை. கணவாய் அடிவாரத்திலேயே குருவி செத்துவிட்டது.

அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை வேகத்துக்காக மாட்டியிருந்தாள். இன்னொரு முறை என்றால் லைசென்ஸ் கையில் இருக்காது என்று போலீஸ் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸ் போனால் வேனும் போகும். அவள் கணவன் எர்மெக் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பிறகு, நாற்பதாம் நாள் சாப்பாட்டில் பெரியவர்கள் முன்னால் அவன் அண்ணன் சொன்னார்: "லைசென்ஸ் இருக்கிற வரைக்கும் கெலின் ஓட்டட்டும். அது போச்சுன்னா வண்டி என் பையனுக்கு." பெரியவர்கள் கறித் துண்டைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். வீட்டுக்கு வாழ வந்த கெலினை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மூத்தாரின் பெயரை நசிபா இதுவரை உச்சரித்ததில்லை. கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரைக் கெலின் சொல்லக் கூடாது. அவள் அவரைப் 'பெரியவர்' என்பாள். அதை அவள் சொல்லும் விதத்தில் மரியாதை எவ்வளவு, வேறு என்ன எவ்வளவு என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

மெதுவாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஸ்டாண்டில் முதலில் திரும்பி வந்தவனுக்குத்தான் அடுத்த சவாரி. மெதுவாக ஓட்டுகிறவன் வரிசையின் வாலில் நின்று சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நசிபா மெர்கெ பக்கத்துச் சர்க்கரை பீட்ரூட் வயல்களில் பதினைந்து வயதிலேயே அப்பாவின் லாரியை வரப்பில் சக்கரம் படாமல் பின்னோக்கி ஓட்டியவள். அந்த ஊரில் எந்த ஆண்பிள்ளையும் அதைச் செய்ததில்லை. வரிசையின் வாலில் நிற்க அவள் பிறக்கவில்லை.

குருவி நாலாவது முறை செத்த மறுநாள் காலை, ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் தாழ்ந்த குரலில் பேசிப் போட்டாள்: "இஸ்மார் அகாகிட்ட வயர் வேலைக்குப் போறவங்க கொஞ்சம் யோசிச்சுப் போங்க. என் குருவி சாயங்காலமானா சாவுது. அவருக்கு ஏன்னு தெரியல. பழியைப் பாசெஞ்சர் மேல போடறாரு."

மத்தியானம் இஸ்மாரே ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இருபது வண்டியில என் வயர் ஓடுது. எவனாவது வந்து கேட்டானா? உன் வண்டியில சூடு அடிக்குது. வெயில்ல கூரை கொதிக்குது. அதான் சாயங்காலம் போகுது."

"காலையில வெயில் இல்லையா? சூரியன் உங்களுக்கு மட்டும் சாயங்காலம் வருதா?"

"நீ அந்தக் குரல்ல பேசாத. கத்து. கத்தினா நானும் கத்துவேன்."

"கத்துறதுக்கு நீங்க என் புருஷனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இஸ்மார் சிரிக்கவில்லை. "சூடு இல்லேன்னு நிரூபி. அப்புறம் என் பேரை எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. வேலை தெரியாதவன் இப்படிப் பேச மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். முந்தைய வாரம் ஒரு நாள் இரண்டாம் சவாரியில் குருவி சாகவே இல்லை. அன்று வானம் முழுக்க மேகம். குளிர்ந்திருந்தது. அப்படியானால் சூடுதானா? அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்பதே அவளை இன்னும் எரியவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சவாரிக்குப் போகவில்லை. வேனை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஜன்னல்களை ஏற்றி, உள்ளே சூடேற்றும் காற்றை உச்சத்தில் வைத்து உட்கார்ந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியது. காதோரம் வியர்வை வழிந்தது. கூரைத் துணியில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. குருவி பச்சைக் கண்ணோடு சும்மா இருந்தது.

"செத்துப்போயேன். இப்போ செத்துப்போயேன், பாப்போம்" என்றாள்.

சாகவில்லை. சூடு இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதனால் மகிழ்ச்சி வரவில்லை, பியூஸ் போகும் காரணம் இன்னும் தெரியவில்லையே. அதற்குள் வெயில் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்கு மேலே இறங்கி நேராகக் கண்ணில் குத்தியது. எரிச்சலில், கண்ணாடிக்கு மேலே மடித்திருந்த வெயில் தட்டியைப் பட்டென்று அடித்துக் கீழே இறக்கினாள்.

பச்சைக் கண் அணைந்தது.

நசிபா தட்டியை மேலே மடித்துவிட்டுப் புது பியூஸ் போட்டாள். பச்சை வந்தது. தட்டியை மறுபடி இறக்கினாள், அணைந்தது. இன்னொரு பியூஸையும் எரித்துப் பார்த்தாள். ஒன்றை இரண்டு தரம் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை அவள்.

ஷிம்கெந்த் மேற்கே இருக்கிறது, காலைச் சவாரியில் சூரியன் முதுகில். திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிடும், அப்போதும் முதுகில். இரண்டாம் சவாரியில்தான் சூரியன் முகத்தில். அப்போதுதான் தட்டியை இறக்குவாள். மேகமான நாளில் இறக்கவில்லை.

தட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள். கதவோர ரப்பரை உரித்து, கூரைத் துணியின் ஓரத்தைக் கீழே இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு மூலை தெரிந்தது. முக்கோணமாகத் தைத்த தோல் தாயத்து. அது நழுவாமல் இருக்கப் பெரிய ஊக்கு ஒன்று துணியில் குத்தியிருந்தது. ஊக்கின் முனை இஸ்மாரின் வயருக்குள் போய்ச் செம்பைத் தொட்டிருந்தது. தட்டியை இறக்கினால் அதன் இரும்புத் தண்டு திரும்பி ஊக்கின் தலையில் முட்டும். தண்டு கூரைத் தகட்டோடு சேர்ந்தது, முட்டியதும் மின்சாரம் அதில் பாய்ந்து பியூஸ் எரியும். முட்டிய இடத்தில் எள்ளளவு கருப்பு.

அந்தத் தாயத்தை அவளுக்குத் தெரியும். வசந்தத்தில் குருவி வைத்தபோது, அதன் முகத்துக்கு எதிரே கண்ணாடியில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று கழற்றி மாமியார் கையில் கொடுத்தது அதைத்தான்.

மாமியார் ஒரின்குல் அபா சமையலறையில் மாவு உருட்டிப் பவுர்சாக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். நசிபா தாயத்தை மேசைமேல் வைத்தாள்.

"அபா, இது எங்க இருந்துச்சு தெரியுமா?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தெரியாமயா? போன மாசம் நான்தானே வச்சேன். பிச்சைக்காரிக்குப் போடற மாதிரி என் கையில போட்டுட்டுப் போனியே. உன் கண்ணுல படாம வச்சா உனக்கும் தொந்தரவில்ல, எனக்கும் தூக்கம் வரும்."

"உங்க ஊக்கு வயரைக் குத்திருக்கு. என் குருவியக் கொன்னது இதுதான். நான் அந்த மனுஷன ஊருக்கு முன்னாடி அவமானப்படுத்தினேன். போலீஸ்கிட்ட மாட்டாம தப்பிச்சது என் அதிர்ஷ்டம். ஏன் அபா சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவ." அபா கரண்டியை எண்ணெயிலிருந்து தூக்கி ஆட்டினாள். "பூச்சி ஒண்ணு கத்தினாத்தான் மெதுவாப் போவேன்னு இருக்கிற பொம்பளைக்கு நான் வேற என்னத்த வைக்கிறது? ஒரு பிள்ளையப் புதைச்சாச்சு. உன்னையும் போய்ப் புதைக்கணுமா? எனக்குக் காலு வலிக்குது, மயானத்துக்கு நடக்க முடியாது."

அப்போது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பெரியவர் காலணியை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். பவுர்சாக் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சூட்டில் ஊதினார். "குருவி செத்துடுச்சாமே? பையன் சொன்னான். ஸ்டாண்டுல எல்லாரும் இதையேதான் பேசறாங்களாம்."

"இப்போ சரியாயிடுச்சு" என்றாள் நசிபா.

"இன்னிக்குச் சரியாகும், நாளைக்கு மாட்டுவ. லைசென்ஸ் போனப்புறம் அசிங்கப்பட்டுக் குடுக்கிறதுக்கு, இப்பவே மரியாதையாக் குடுத்துடு. பெரியவங்க முன்னாடி பேசினதுதானே." அவர் சுவரில் ஆணியில் தொங்கிய வேன் சாவியை நோக்கிக் கையை நீட்டினார்.

"லைசென்ஸ் என் கையில இருக்கு."

"பொம்பளைக்கு எதுக்கு இந்த..."

"துய்சென்."

அவர் கை ஆணிக்கு அருகில் நின்றது. எண்ணெய் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. நசிபா அதே தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னாள்: "துய்சென், கையை எடுங்க."

அவர் தாயின் பக்கம் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. "அம்மா, இவ என் பேரைச் சொன்னா. உங்க முன்னாடியே சொன்னா. கேட்டீங்களா?"

ஒரின்குல் அபா அடுப்பை அணைத்தாள். மாவு ஒட்டிய கையை முன்துணியில் துடைத்தாள். அவள் முகத்திலும் கோபம்தான் இருந்தது. யார் மேல் என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை.

"கேட்டேன். கூப்பிடத்தானே பேரு வச்சேன்."

"அம்மா!"

"அன்னிக்கு நீ பேசினப்போ பெரியவங்க தலையாட்டினாங்க. நான் ஆட்டல. நீ திரும்பிக்கூடப் பாக்கல. எர்மெக் வண்டி இந்த வீட்டு வண்டி. இந்த வீட்ல எனக்குச் சோறு போடறவ இவ. உக்காந்தா டீ தரேன். சாவிக்கு வந்தேன்னா வாசல் அங்க இருக்கு."

துய்சென் டீ குடிக்காமல் போனார். கார் கதவை அவர் சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. "அவன் பேரை இனிமே சொல்லாத. ஒரு தடவை போதும்" என்றாள் அபா. "கூரையில இனிமே ஊக்குக் குத்தாதீங்க" என்றாள் நசிபா. அபா ஊக்கைக் கழற்றித் தன் சட்டை உள்பக்கத்தில் குத்திக்கொண்டாள். தாயத்தை எடுத்துப்போய் ஓட்டுநர் இருக்கையின் தலைச் சாய்மானத்தில் கருப்பு நூலால், முணுமுணுத்துக்கொண்டே, இருபது தையல் போட்டாள்.

மறுநாள் காலை நசிபா முதலில் போனது இஸ்மாரின் பட்டறைக்கு. தாயத்தின் கதையைக் கேட்டதும் அவர் வேனில் ஏறிக் கூரைத் துணிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"ஊக்கு. கூரைக்குள்ள. நான் மீட்டர் வச்சுத் தேடினேன், வயரைத் தடவினேன். தட்டிய இறக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணல பாரு, அது என் தப்பு. மத்ததெல்லாம் உன் தப்பு."

"ஒத்துக்கறேன்."

"என்கிட்ட ஒத்துக்கிட்டா ஆச்சா? எங்க சொன்னியோ அங்க சொல்லு. உன்னோட அந்தக் குரல்ல வேணாம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

பட்டறை வாசலிலேயே நின்று அவள் குழுவில் பேசினாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்திப் பேசினாள்: "இஸ்மார் அகா வயர்ல தப்பில்ல. தப்பு என் வீட்டோடது. பாசெஞ்சர் மேலயும் தப்பில்ல. கேட்டுக்குங்க, இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்." இஸ்மார் அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை போட்டுக் கேட்டார். பிறகுதான் குத்துப்பட்ட வயரை வெட்டி, இணைத்து, பல்லால் கடித்தாலும் பிரியாத அளவுக்கு டேப் சுற்றினார்.

அன்றைய இரண்டாம் சவாரியில் சூரியன் முகத்தில் அடித்தது. நசிபா தட்டியை இறக்கினாள். பச்சைக் கண் இருந்தது. கணவாய் வளைவுக்கு முன்னால் குருவி கீச்சிட்டது. அவள் காலை எடுத்தாள். வளைவு தாண்டி, கீச்சுச் சத்தம் நின்ற பிறகும் எடுத்த காலை மறுபடி அழுத்தவில்லை. குண்டு குழியில் வண்டி குதித்தபோதெல்லாம் தாயத்து பின்தலையில் தட்டியது.

"அப்கே, அந்த வெள்ளை வேன் நம்மள முந்திட்டுப் போகுது" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "இப்படிப் போனா நமக்கு முன்னாடி அவன்தான் ஸ்டாண்டுல நிப்பான்."

"நிக்கட்டும்."

"நீங்க வேகமா ஓட்டுவீங்கன்னுதான் இதுல ஏறினேன்."

"போனைச் சொருகிக்கிட்டு வாயை மூடிட்டு வா" என்றாள் நசிபா, தாழ்ந்த குரலில்.