பாலகாட்டுப் புள்ளிகள்

வாணி கணிதம் பயின்றவர், மருத்துவர் அல்லர். காசநோயிலிருந்து குணமானவரின் இரத்தத்தில், அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் எத்தனை ஆண்டுகள் நிற்கின்றன, எந்த வேகத்தில் குறைகின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவது அவர் தொழில். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயிலில் போய்வருகிறார். உட்கார இடம் கிடைத்தால் மடிக்கணினியைத் திறப்பார்.

"இன்னா மேடம், ஷேர் மார்க்கெட்டா?" என்று பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பதுண்டு.

"இல்லீங்க, வியாதி" என்பார் வாணி. அத்துடன் பேச்சு நின்றுவிடும்.

அவருடைய தந்தை எங்கள் ஊர்க் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். வாணி வளர்ந்தது தொழிற்சாலைக் குடியிருப்பில். சுரங்கத்தில் இறங்கிய உறவினர் அவருக்கு எவரும் இல்லை. ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி சுரங்கத்தாருடையது. பாறை துளைத்தவர்களின் நுரையீரலில் கல்தூசு படிந்திருக்கும். கிருமியை விழுங்க வேண்டிய அணுக்கள் அத்தூசையும் விழுங்கி மடியும். அப்படியானால், நினைவணுக்கள் அவர்களிடம் விரைவாகக் குறைகின்றனவா? குறைந்தால் நோய் திரும்பி வரக்கூடும். இதற்காகவே, தங்கவயலின் பழைய சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில், காசநோயிலிருந்து மீண்ட ஓய்வுபெற்ற தொழிலாளர் சிலரை ஆய்வில் சேர்க்கச் செய்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறன்று அங்குள்ள சமுதாயக் கூடத்தில் செவிலியர் இரத்தம் எடுப்பார். அது பனிக்கட்டிப் பெட்டியில் பெங்களூர் போகும். வாணியின் கைக்கு எண்கள் மட்டுமே வந்தன.

ஓராண்டு கழிந்தது. வரைபடத்தில், ஒப்பிடச் சேர்த்திருந்த பெங்களூர்க்காரர்களின் புள்ளிகள், சமன்பாடு சொன்ன கோட்டின்மேல் அமைதியாக அமர்ந்தன. பாலகாட்டுப் புள்ளிகளோ கோட்டுக்கு மேலே கண்டபடி சிதறிக் கிடந்தன.

குழுத் தலைவர் ரூபேஷ் பொறுமைசாலி. அவரே ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: "ரோட்டுல வரும்போதே சாம்பிள் கெட்டுப்போகுது வாணி. கே.ஜி.எஃப்.பை விட்டுடலாம். திங்கட்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடுவோம்."

பாலகாட் நீங்கினால் தூசு பற்றிய கேள்வியும் நீங்கும். ஆய்வில் இருந்த வேறு எவர் நுரையீரலிலும் அத்தூசு கிடையாது.

அன்று ரயிலில் வாணி எண்களை மீண்டும் பார்த்தார். வழியில் கெட்டிருந்தால் அணுக்கள் குறைந்திருக்க வேண்டும், இங்கே கூடியிருந்தன. ஒரே ஒரு மாதம் மட்டும் பாலகாட்டார் அனைவரும் கோட்டுக்கு அருகில் வந்திருந்தனர். அம்மாதம் இரத்தம் எடுத்த ஞாயிறு நல்ல மழை என்பதும், எல்லோரும் ஆட்டோக்களில் நெருக்கியடித்து வந்தார்கள் என்று செவிலியர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மழைக்கும் வெள்ளணுவுக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த வார ஞாயிறன்று மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. முதன்முறையாக நேரில் போனார்.

ஆய்வில் சேர்ந்திருந்த யேசுதாஸ் என்பவரின் வீடு கூடத்துக்கு நேர் எதிரே. ஆனால் அவர், தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண்மேட்டின் பக்கமிருந்து, சட்டை நனைய, மூச்சிரைக்க வந்து நாற்காலியில் விழுந்தார்.

"வீடு எதிர்லதானே ஐயா? எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார் வாணி.

"மேட்டைச் சுத்திட்டு வர்றேன் பாப்பா. மூச்சு அடங்கறதுக்குள்ள எடுக்கச் சொல்லு."

அவருடைய பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா சிரித்தார். "அவரு மட்டுமா? அதோ பாரு, வரிசையா ஓடி வர்றானுங்க கெழவனுங்க. மெடல் வாங்கி வச்சிருக்கியா?"

"இன்னாத்துக்குங்க ஓடணும்?"

"மெடிக்கல்னா அப்டித்தான்" என்றார் யேசுதாஸ். "மைன்ஸ்ல நஷ்டஈட்டுக்காக நெஞ்சுல தூசு பாக்கறதுக்குக் கூப்புடுவாங்க. எளைப்பாறிட்டுப் போனா, 'நல்லாத்தானே கீறே, போ'ன்னு தள்ளிடுவாங்க. எங்கண்ணன் அப்டித்தான் ஏமாந்தான். ஃபேக்டரி பொண்ணு, உனக்கு எங்க தெரியும்!"

வேகமாக நடந்தால், இரத்தக் குழாய்களின் ஓரங்களிலும் மண்ணீரலிலும் தங்கியிருக்கும் வெள்ளணுக்கள் ஓட்டத்தில் கலந்துவிடும், ஓய்ந்தபின் கலைந்துபோகும். வாணி இதைப் படித்திருந்தார். பாலகாட்டுடன் சேர்த்து நினைத்ததில்லை. உடனே யேசுதாஸின் இரத்தத்தை எடுக்கச் செய்து, ஒரு மணி நேரம் அமரவைத்து, மீண்டும் எடுக்கச் சொன்னார்.

"ரெண்டாவது வாட்டியா? நான் இன்னா ரத்த பேங்க்கா?" என்று முணுமுணுத்தாலும் அவர் கையை நீட்டினார்.

திங்கள் காலை எண்கள் வந்தன. ஒரே கை, ஒரே நாள். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதில் பாதிகூட இல்லை.

"அப்போ ரோடு காரணம் இல்ல" என்று ரூபேஷ் ஒப்புக்கொண்டார். "வேகமா நடந்து வந்ததுக்கு ஒரு திருத்தம் போட்டு, பழைய எண்களையே வச்சுக்கலாமே?"

"யார் எவ்வளவு வேகமா நடந்தாங்கன்னு நமக்குத் தெரியாது. ஊகிச்சுப் போட்டா, நாம ஆசைப்பட்ட கோடுதான் வரும். பழைய நம்பரையெல்லாம் எடுத்துடுங்க சார். ஆளுங்களை எடுக்காதீங்க."

"உங்க கட்டுரை ஒரு வருஷம் தள்ளிப்போகும், வாணி."

"தெரியும் சார்."

ரூபேஷ் சற்று யோசித்து, இன்னும் ஓராண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பாலகாட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"அப்போ இத்தினி நாளு குடுத்த ரத்தம்?" என்று கேட்டார் யேசுதாஸ்.

"வீணாப்போச்சு ஐயா. தப்பு எங்களோடது. எப்படி வர்றீங்கன்னு நாங்க கேக்கவே இல்ல. இனிமே உக்காந்து எளைப்பாறிட்டுக் குடுங்க."

அவர் முழங்கையின் ஊசித் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "உக்காந்துட்டுக் குடுத்தா நல்லா கீறான்னு எழுதிடுவியே?" என்றார்.

"நல்லா இருந்தா அப்படித்தான் எழுதுவேன். அதனால உங்களுக்கு ஒண்ணும் கொறையாது. ஒண்ணும் கெடைக்கவும் கெடைக்காது."

"டீயாவது கெடைக்குமா?" என்றார் கோவிந்தம்மா.

"கெடைக்கும்மா."

"பன்னு?"

"பன்னும்தான்."

அடுத்த மாதம் முதல் அவர்கள் அரைமணி நேரம் பெஞ்சில் அமர்ந்தபின் இரத்தம் கொடுத்தார்கள். புள்ளிகள் ஒழுங்காக இறங்கின. பெங்களூர்க் கோட்டைவிடச் சற்றுச் செங்குத்தாகவே இறங்கின. காரணம் தூசா, முதுமையா என்று வாணி இன்னும் சொல்லத் துணியவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட, தூசு படாத முதியவர்களையும் ஆய்வில் சேர்த்து வருகிறார்.

சென்ற மாதம் யேசுதாஸ் திரையைப் பார்க்கக் கேட்டார். தம் புள்ளியைக் கண்டதும், "கீழ போவுதே பாப்பா?" என்றார்.

"எல்லாருக்கும் போகும் ஐயா. எவ்ளோ வேகமான்னுதான் பாக்கறோம்."

"சரி, பாரு. நான் எங்கியும் ஓடல" என்று சொல்லிவிட்டு, அவர் பெஞ்சுக்குத் திரும்பினார்.