கடதாசியில் விழுந்த நான்கு ஓட்டைகள்

ரொறன்ரோவின் பார்க்டேலில் நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போன காலத்தில், ரீச்சர் எங்களை ஒரு சனிக்கிழமை பழைய மின்சார ரயில் பார்க்கக் கூட்டிப்போனார். என் அகதிக் கேஸ் விசாரணைக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. போகாமல் விட்டால் ரீச்சர் எங்கேயாவது எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் போனேன். அப்போது எனக்கு எல்லோரிலும் பயம்.

நகரத்துக்கு வெளியே, வயலோரமாக ஒரு துண்டுத் தண்டவாளம் மிஞ்சியிருந்தது. ஒருகாலத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு சிறு நகரம் வரைக்கும் அந்த ரயில் ஓடியதாம். மேலே ஒற்றை மின்கம்பி, பெட்டியின் கூரையில் அதைத் தொட்டபடி ஒரு தடி. புகையில்லை, கரியில்லை. தோட்டக்காரர் கை காட்டினால் நடுவழியிலும் நிறுத்திப் பால் கேனும் ஆப்பிள் பெட்டியும் ஏற்றுவார்களாம். பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. ரயிலில் ஏற ஆளில்லாமல் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

"எங்கட ஊரிலயும் சண்டைக்குள்ள பிடுங்கினவைதானே, பங்கர் போட," என்றார் பக்கத்தில் இருந்த அன்ரி. வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே யாழ்ப்பாணத்து ஆள் அவர். சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டி குலுங்கிப் புறப்பட்டது. முன்கதவால் கண்டக்டர் வந்தார். பென்சன் எடுத்த கிழவர், ஆசைக்கு வேலை செய்கிறவர் என்று ரீச்சர் முதலே சொல்லியிருந்தார். ஆனால் அவர் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தொப்பி. ஒவ்வொரு சீற்றாக நின்று கையை நீட்டினார். ஊர்ச் சோதனைச் சாவடிகளில் தொப்பிக்காரர் கை நீட்டினால் என்ன கொடுக்க வேண்டும் என்று என் கைக்குப் பழக்கம். ரீச்சர் தந்த ரிக்கற் கோட்டுப் பையில் இருக்க, சட்டைக்குள் வைத்திருந்த, படம் ஒட்டிய குடிவரவுக் கடதாசியை நாலாக மடித்தபடியே நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கையிலிருந்த, ரிக்கற்றில் ஓட்டை போடும் குறட்டால் டிக்கென்று குத்திவிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கண்டக்டருக்கும் ஒவ்வொரு வடிவமாம். இவருடையது நட்சத்திரம். விரித்துப் பார்த்தேன், நான்கு நட்சத்திரங்கள். ஒன்று என் படத்தில், காதுக்குக் கீழே.

"ஐயோ பிள்ளை, உது இனிச் செல்லுமோ தெரியாது," என்றார் அன்ரி. "கள்ளக் கடதாசி எண்டல்லோ நினைப்பினம்."

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தொப்பி இல்லாமல் பார்த்தால் பாவம், அப்பாவி மனிதர். என் கோபமெல்லாம் என் கையோடுதான்.

அந்தப் பதினொரு நாளும் எனக்கு உயிர் கையில் இல்லை. ஒட்டலாம் என்று செலோரேப் வாங்கினேன். ஒட்டினால் இன்னும் சந்தேகம் வரும் என்று எறிந்தேன். லோயரிடம் சொல்லவும் பயம். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். விசாரணையில் சொல்வதற்காகச் சோதனைச் சாவடி, பிடிபட்ட நாள், அடைத்து வைத்த இடம் எல்லாம் பாடமாக்கியிருந்தேன். ஓட்டைகளுக்கு மட்டும் பதில் இல்லை.

விசாரணையில் அதிகாரி முதலில் தூக்கியது அந்தக் கடதாசியைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஓட்டையள் என்னெண்டு வந்ததெண்டு கேக்கிறார், தங்கச்சி," என்றார் மொழிபெயர்த்த அண்ணை.

ரயில் கதையைச் சொன்னேன்.

"ரிக்கற் கேட்ட ஆளிட்ட ஏன் இதைக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

பாடமாக்கிய ஒன்றும் வாயில் வரவில்லை. "அவர் யூனிபோம் போட்டிருந்தவர்," என்றேன்.

அண்ணை முன்னாலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதினார். சோதனைச் சாவடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

கேஸ் சரிவந்தது. இப்போது கனடியப் பாஸ்போர்ட் வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. அது தெரிந்தும், பஸ்ஸில் தொப்பிக்காரர் ஒருவர் ஏறினால் என் கை சட்டைக்குள் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் கோட்டுப் பையிலும் தேடுகிறேன்.